சரி போட்ட முப்பத்தைந்து கட்டம்

மட்டக்களப்பில் கல்யாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிபோவான். நானும் அப்படித்தான் முப்பத்தொரு வருடங்களுக்கு முன்னால் ஒரு சூட்கேசோடு தன்னாமுனைக்கு வந்து சேர்ந்தேன். வீடு மனைவியின் சீதனம். அதில் எனக்கென்று தனியாக ஓர் அறை கிடைத்தது, புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிய பிறகுதான்.

பத்தடிக்குப் பத்தடி. ஒரு கட்டில், ஒரு மேசை, மேசையில் நெபுலைசர் மெசின், மூலையில் மருந்து வைக்க ஒரு சின்ன பிரிட்ஜ். ஜன்னல்கள் இரண்டு. ஒன்று எங்கள் கூடத்தைப் பார்த்தது, மற்றது பக்கத்து வீட்டு விறாந்தையைப் பார்த்தது. மருந்து ஆவி மற்றவர்கள் மேல் படக் கூடாது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. ஆகவே அதுவும் பூட்டு, இதுவும் பூட்டு. மெசின் ஓடும்போது காற்றாடியும் போடக் கூடாது. கச்சான் காற்று வீசுகிற கோடைக் காலத்து வெக்கையில் அந்த அறைக்குள் இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். வாவிக்கரையில் கட்டிய வீட்டில் வாவிக் காற்று நுழையாத ஒரே இடம் அதுதான்.

இந்த நிலைக்கு வந்த கதை பெரிதில்லை. இடது சிறுநீரகத்தில் கட்டி என்றார்கள், சிறுநீரகத்தையே எடுத்தார்கள். பிறகு பார்த்தால் நுரையீரலில் புள்ளி புள்ளியாக இருந்தது. விழுங்கக் குளிசை தந்தார்கள். கொஞ்சக் காலம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் புது மருந்தொன்றைப் பரீட்சித்துப் பார்க்கிறார்கள், சேர விருப்பமா என்று கேட்டார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிற மருந்தாம். ஊசியில் ஏற்றினால் உடம்பு முழுவதும் படாத பாடு படுமாம். அதனால் ஆவியாக்கி, மூச்சோடு இழுத்து, நேரே நுரையீரலுக்கே அனுப்பிப் பார்க்கிறார்கள். சரிவருமா என்று அவர்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் எங்களைப் போன்றவர்கள். அதை அவர்கள் ஒளிக்கவில்லை. தமிழில் அச்சடித்த தடித்த படிவத்தில் பக்கம் பக்கமாகச் சொல்லியிருந்தார்கள். நான் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன்.

முதல் ஸ்கேனில் புள்ளிகள் குறையவில்லை, வளரவும் இல்லை. "வளராம நிக்கிறதே பெரிய விஷயம் ஐயா" என்றாள் அங்கே எங்களுக்குத் தமிழில் எல்லாம் விளக்குகிற தாதி. மலையகத்துப் பிள்ளை, நிதானமாகப் பேசுவாள். "அஞ்சு நேரமும் தவறாம இழுக்கணும். தவறினா மறைக்காம சொல்லுங்க. ரொம்பத் தவறினா ஆய்வுல இருந்து எடுத்துருவாங்க." இந்த மூன்றில் கடைசி ஒன்றுதான் என் காதில் விழுந்தது. எடுத்துவிட்டால் எனக்கு வேறு மருந்து இல்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் வேலை செய்த காலமெல்லாம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதிக் கையெழுத்து வைப்பதுதான் என் சீவியம். வாழைச்சேனை பஸ் ஏறாவூரில் அரை மணி நேரம் நின்று ஆள் ஏற்றிவிட்டு, தாளில் நேரத்தை மாற்றி எழுதிக்கொண்டு வந்தால் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஒரே இருப்பில் இருந்து எழுதிய தாள் தனியாகத் தெரியும். எல்லா எழுத்தும் ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். அப்படி எத்தனையோ சாரதிகளைப் பிடித்து மேலே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

ஆகவே ஐந்து நேர மருந்து எனக்கேற்ற வேலைதான் என்று நினைத்தேன். காலை ஆறு, பத்து, பின்னேரம் இரண்டு, ஆறு, இரவு ஒன்பது. ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் போத்தலில் உள்ள தூளைக் கரைத்து மெசினில் ஊற்றி, குழாயை வாயில் வைத்து இருபது நிமிடம் மூச்சிழுக்க வேண்டும். முடிந்த பிறகும் அரை மணி நேரம் அறைக்குள் யாரும் வரக் கூடாது. பிறகு குழாயைக் கழுவிக் காயவைத்து, அவர்கள் தந்த கொப்பியில் அந்த நேரத்துக்குரிய கட்டத்தில் சரி போட வேண்டும். வெறும் போத்தல்களைச் சேர்த்து வைத்து, மூன்று கிழமைக்கு ஒருமுறை கொழும்பில் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பயண நாட்களில் மட்டும் மருந்துக்கு விடுமுறை.

முதல் மாதம் வீரமாகத்தான் இருந்தேன். இரண்டாம் மாதம் மணிக்கூட்டைப் பார்த்தாலே இருமல் வந்தது. வாயில் எந்நேரமும் ஈயப் பாத்திரத்தை நக்கியது போல் ஒரு சுவை. கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பாட்டுக்கு முன்னால் எழும்ப வேண்டும், செத்த வீட்டுக்குப் போனால் பிரேதம் எடுக்க முன்னால் எழும்ப வேண்டும். வயல் வட்டைக்குப் போய் வேளாண்மையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரக்கூட நேரம் காணாது. கயிற்றில் கட்டிய மாட்டுக்காவது அந்தக் கயிறு எட்டும் தூரத்துக்குப் புல் இருக்கும். எனக்கு அறை, மெசின், மணிக்கூடு. பார்க்க வருகிறவர்கள் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, "நல்லா இரிக்கிறீங்களாம், கேள்விப்பட்டம்" என்று கத்திவிட்டுப் போவார்கள். குழாய் வாயில் இருப்பதால் நான் "ம்" என்பேன்.

எனக்கு அந்த அறை பிடிக்கவில்லை. மெசினின் சத்தம் பிடிக்கவில்லை. சில நாட்களில் உயிரோடு இருப்பதே அந்த மெசினுக்குக் காவல் இருக்கத்தானா என்று ஆத்திரம் வந்தது. ஆனால் உயிரைக் காப்பாற்ற வந்த மருந்தைப் பிடிக்கவில்லை என்று யாரிடம் சொல்வது? மனைவி காலையில் ஐந்தரைக்கே எழும்பி எனக்காகக் குழாயைச் சுடுதண்ணீரில் அலசி வைப்பாள். அவளிடமா?

நான்காம் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் காய்ச்சல் அடித்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலை ஆறு மணி மருந்துக்கு ஆயத்தமாகச் சட்டையைக் கழற்றியபோது மனைவி தேத்தண்ணீரோடு வந்தாள். என் நெஞ்சும் முதுகும் சிவந்து, அரிசி அரிசியாகப் பொரிந்திருந்தன. அவள் தேத்தண்ணீரைக் கீழே வைத்தாள். இரண்டடி பின்னால் போய்க் கைகூப்பினாள்.

"அம்மாள் வந்திரிக்கா" என்றாள்.

எங்கள் பக்கத்தில் உடம்பில் அப்படிப் பொரிந்தால் அதை வருத்தம் என்று சொல்வதில்லை. அம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பார்கள். வந்தவளை மரியாதையாக வைத்திருக்க வேண்டும். வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும், தாளிக்கக் கூடாது, மீன் இறைச்சி கூடாது, வெளியாட்கள் வரக் கூடாது, மருந்து மாத்திரை கூடவே கூடாது. ஏழாம் நாள் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு வார்த்து அவளை வழியனுப்ப வேண்டும். மனம் குளிர்ந்து போகிறவள், கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவாள் என்பது நம்பிக்கை.

"இனி மெசினுக்குக் கிட்டவும் போகாதீங்க" என்றாள். "அம்மாள் இரிக்கக்குள்ள மருந்து ஏலா."

"ஆஸ்பத்திரிக்குச் சொல்லணுமே."

"சொல்லுங்க. போன்ல கோல் எடுத்துச் சொல்லுங்க. அந்த மிஸ்ஸும் தமிழ்ப் புள்ளதானே, விளங்கும்."

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

சொல்லவில்லை. அது அம்மாள் இல்லை என்பது எனக்கு அந்த நிமிடமே தெரியும். காய்ச்சலும் பொரிச்சலும் வரலாம் என்று படிவத்தில் இருந்தது. வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று தாதி எழுதித் தந்த இலக்கம் பிரிட்ஜின் கதவில் ஒட்டியிருந்தது. கூப்பிட்டால் என்ன சொல்வார்கள் என்றுதான் பயந்தேன். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆய்விலிருந்து எடுத்துவிட்டால்? அப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி, மணிக்கூட்டில் ஆறு அடித்தது, மெசின் ஓடவில்லை, எனக்குச் சந்தோசமாக இருந்தது.

மனைவி என்னைப் பின்பக்கத்து அறைக்கு மாற்றினாள். அங்கே ஜன்னலைத் திறந்தால் வாவிதான். வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் வேப்பிலை பரப்பி என்னைப் படுக்க வைத்தாள். சேற்று மணமும் கரைச் சதுப்பில் நிற்கிற கண்ணா மரங்களின் மணமும் காற்றோடு வந்தன. வலை வீசுகிறவர்கள் தோணியில் நின்று ஏசிக்கொள்வது கேட்டது. நான் தூங்கினேன். பகலிலேயே தூங்கினேன். எழும்பினால் இளநீர், பழஞ்சோறும் தயிரும். யாரும் மணி பார்க்கச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, பொரிச்சல் வாடத் தொடங்கியது. மருந்து நின்றால் அப்படித்தான் ஆகும். மனைவிக்கு அது வேறு. "அம்மாள் குளிர்ந்திட்டா" என்றாள். அவள் ஒரு நேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்தாள். என் கால்மாட்டில் உட்கார்ந்து அம்மன் பாட்டுப் படித்தாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்து, வேப்பிலைக் கொத்தால் மெதுவாக விசிறிக்கொண்டு, "இரிங்க தாயே, அவசரப்படாம இரிங்க" என்று பேசுவாள். எனக்கு வருத்தம் வந்த நாளிலிருந்து நான் காணாத ஒரு தெளிவு அவள் முகத்தில் இருந்தது. இரண்டு வருடமாக எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. கடைசியாக, செய்யக்கூடிய ஒருத்தி வந்திருக்கிறாள் என்று அவள் நம்பினாள்.

ஐந்தாம் நாள் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் அப்போது வாசல் வேப்பிலையை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் காலை கிணற்றடியில் என்னை இருத்தி, தலைக்குத் தண்ணீர் வார்த்தாள். வார்க்கும்போது அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. குடம் வெறுமையான பிறகும் கொஞ்ச நேரம் அசைந்தன. என்ன கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

அன்று பின்னேரம் அவள் கோயிலுக்குப் பொங்கப் போனாள். நான் பிரிட்ஜைத் திறந்தேன். ஏழு நாளைக்கு ஐந்தைந்தாக முப்பத்தைந்து போத்தல். நிறைந்தபடி கொண்டுபோனால் அகப்பட்டுவிடுவேன். ஒவ்வொன்றாக உடைத்துக் கரைத்து, கிணற்றடி வாழையின் அடியில் ஊற்றினேன். எங்கோ ஒருத்தருக்குக் கிடைக்காத மருந்து, வாழைக்குப் போனது.

பிறகு கொப்பியை எடுத்தேன். என் சேவைக்கால அனுபவம் முழுவதும் அந்த முப்பத்தைந்து கட்டத்தில் இறங்கியது. இரண்டு பேனை பாவித்தேன். சிலதை நின்றுகொண்டு போட்டேன், சிலதைப் படுத்துக்கொண்டு போட்டேன். ஓரிடத்தில் ஈரக் கையால் தொட்டு மையைக் கலைத்தேன். மிகவும் சுத்தமான தாளில்தான் சந்தேகம் வரும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு கட்டத்தில் பிழையாகப் போட்டு, வெட்டி, பக்கத்தில் திருத்தினேன். முடித்துவிட்டுத் தூரப் பிடித்துப் பார்த்தேன். நானே பிடிக்க மாட்டேன். அன்றைக்கு எனக்கு வெட்கம் வரவில்லை. வேலை சுத்தமாக வந்திருக்கிறதே என்ற திருப்திதான் வந்தது. அதை எழுத இப்போது கூசுகிறது.

மறுநாள் மீண்டும் முன்னறை, மெசின், ஆறு மணி. அடுத்த கிழமை கொழும்புப் பயணம்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. என் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தாதி வெறும் போத்தல்களைச் சரிபார்த்துத் தலையாட்டினாள். டொக்டர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"ஐயாவோட கொப்பிதான் எல்லாத்திலயும் திறமாம்" என்று தாதி சொன்னாள். "ஒரு நேரம்கூடத் தவறலன்னு டொக்டர் சொல்றாங்க."

பக்கத்துக் கதிரையில் என் மனைவி இருந்தாள். கள்ளமில்லாமல் சொன்னாள்: "இல்ல மிஸ். ஏழு நாள் இழுக்கல்ல. அம்மாள் வந்திருந்தவ. இவர் உங்களுக்குக் கோல் எடுத்துச் சொன்னவர்தானே?"

தாதிக்கு அம்மாள் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. அவள் கொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு டொக்டரிடம் சொன்னாள். டொக்டரின் சிரிப்பு நின்றது. மருந்தை நிறுத்தியது யார் என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் மனைவி. அம்மாள் இருக்கும்போது மருந்து கூடாது என்பதை அவள் பொறுமையாக விளக்கினாள். தாதி மொழிபெயர்த்தாள். டொக்டர் கோபிக்கவில்லை, தலையசைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் என்ன எழுதப்போகிறார் என்று எனக்கு விளங்கியது. படிப்பறிவில்லாத மனைவி நம்பிக்கையால் மருந்தை நிறுத்திவிட்டாள், நோயாளி பாவம், பயத்தில் சரி போட்டுவிட்டார். அப்படி எழுதினால் நான் தப்பலாம். கதவு திறந்திருந்தது, நான் எதுவும் பேசாமல் இருந்தாலே போதும். மனைவி என்னைப் பார்த்தாள். நான் கோல் எடுத்தேன் என்று சொல்வதற்காகக் காத்திருந்தாள். அவள் இன்னும் என்னை நம்பிக்கொண்டிருந்தாள்.

"நான் கோல் எடுக்கல்ல" என்றேன். "அது அம்மாள் இல்ல, மருந்தால வந்த பொரிச்சல் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். இழுத்து இழுத்து அலுத்துப்போச்சு மிஸ். அதான் பேசாம இரிந்தன். போத்தல ஊத்தினதும் நான்தான், சரி போட்டதும் நான்தான். இவக்கு ஒண்டும் தெரியா."

தாதி மொழிபெயர்க்க, நான் பேசியதை விட அதிக நேரம் எடுத்தது. டொக்டர் பேனையை வைத்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

"நீங்க கோல் எடுத்திருந்தா நாங்களே ஒரு கிழமை நிப்பாட்ட சொல்லியிருப்போமாம்" என்றாள் தாதி. "பொரிச்சல் வந்தா நிப்பாட்டணும், அதுதான் முறை. அதுக்காக யாரையும் எடுக்க மாட்டாங்க ஐயா."

அந்த ஏழு நாள் காற்றை அவர்களே எனக்குத் தந்திருப்பார்கள்.

"இன்னொன்னும் சொல்றாங்க" என்றாள். இப்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பொரிச்சல் வந்த நாள்லயும் அஞ்சு நேரம் இழுத்தேன், ஒன்னும் ஆகலன்னு உங்க கொப்பி சொல்லுது. அதை நம்பி நாளைக்கு இன்னொருத்தருக்கு நிப்பாட்டாம குடுத்திருப்பாங்க."

வெளியே வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னார்கள். ஆய்வை நடத்துகிறவர்களிடம் கேட்டுத்தான் முடிவு சொல்ல முடியும் என்றார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். எடுத்துவிட்டால் அந்த அறையும் இல்லை, மெசினும் இல்லை, அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் நானும் இல்லை. நான் வெறுத்த அத்தனையும் எனக்கு வேண்டும் என்று அந்த வாங்கில் இருந்து கெஞ்சினேன், யாரிடம் என்று தெரியாமல்.

கடைசியில் தாதி கூப்பிட்டாள். இந்த முறை மன்னித்து ஆய்விலேயே வைத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து கட்டத்தையும் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நான் கையெழுத்து வைக்க வேண்டும். இனி நினைத்த நேரத்தில் கோல் எடுத்து, மெசின் ஓடுகிற சத்தத்தைக் கேட்பார்கள். இன்னொரு பொய் என்றால் அத்தோடு சரி. நான் கையெழுத்து வைத்து முடிக்கும்வரை தாதி பக்கத்தில் நின்றாள்.

கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி மறுநாள் காலை பஸ் ஏறினோம். மூன்று கிழமைக்கான மருந்து, பனிக்கட்டி போட்ட பெட்டியில், மனைவியின் மடியில் இருந்தது. வழமையாக அதை நான்தான் வைத்துக்கொள்வேன்.

"இஞ்ச தா, மடி விறைக்கும்" என்றேன்.

"வேணாம். இனி இது என்ட கையில இரிக்கட்டும். நான்தான் எடுத்துத் தருவன்."

அதில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொலன்னறுவை போனது, வாழைச்சேனை போனது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏறாவூருக்குக் கிட்ட வந்தபோது என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"தலைக்குத் தண்ணி வாக்கக்குள்ள நான் அம்மாளிட்ட ஒண்டு கேட்டன். என்ன கேட்டன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன்.

"அப்ப, அவ இல்லாத வீட்டிலயா நான் கேட்டுக்கிட்டு நிண்டன்?"

பஸ் ஏறாவூரில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். எத்தனை நிமிடம் நிற்கிறது என்று நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.